யோபு பாவாவின் மடிப்பில்லாத நோட்டுகள்

என் அக்கா கிரேஸைக் கட்டிய யோபு பாவாவுக்குத் திருத்தணி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஆடிக் கிருத்திகைக்கு வருகிற ஜனம் மலையைப் பார்க்கும். பாவா நோட்டைப் பார்ப்பார். மடியில் முடிந்து, வியர்வையில் ஊறி, விபூதி அப்பிய ஒரு ரூபாயை ஜன்னல் வழியாக வாங்குவார். பின்னால் நாற்பது பேர் கத்திக்கொண்டிருந்தாலும் நம்பரைப் படித்த பிறகுதான் டிக்கெட்டில் தேதி குத்துவார். எப்போதாவது மடிப்பு விழாத நோட்டாக வந்து நம்பரும் பிடித்துப்போனால் தன் சட்டைப்பையிலிருந்து வேறு ரூபாயை டிராயரில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். கணக்கில் காலணா பிசகியதில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் எட்டாவதோடு ஒத்துவராமல் போய், நான் அக்கா வீட்டில் இருந்த சமயம் அது. கையில் நேரம் நிறைய இருந்தது. ஒரு ரூபாய் நோட்டில் இருந்த மூன்றுகளையெல்லாம் பேனாவால் எட்டாக்கி, வரிசையாக எட்டாக நிற்கும்படி செய்து அவரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் ஒருதரம் சாய்த்துப் பார்த்தார்.

"அச்சு மை காகிதத்துக்குள்ள போயி உக்காந்துகினு இருக்கும்டா எலியாசு. உன் மை மேல மிதக்குது. போ, இத்த குடுத்து இட்லி துன்னுட்டு வா, பாக்கலாம்."

ஒரு கடைக்காரனும் வாங்கவில்லை. முழுசாக ஒரு ரூபாய் போச்சு.

"எல்லா ரூபாவும் ரூபாதானே பாவா?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது, சந்தோஷம்தான் வரும்.

"கடையில அப்பிடித்தான். சேக்கறவன்கிட்ட அப்பிடி இல்ல. எத்தினி அச்சடிச்சான்னு பாரு. கையெழுத்து போட்ட தொரை சீக்கிரம் மாறிட்டா அந்த நோட்டு கொஞ்சந்தான் இருக்கும். அப்பறம் நம்பரு. அப்பறம் அச்சாபீஸ்காரன் கண்ணு தப்பி வந்த பிசகு. இவ்ளோ இருந்தும் ஒரே ஒரு மடிப்பு வுழுந்தா பாதி வெல போச்சு."

அதனால் பாவாவின் நோட்டுகள் மட்டும் பழைய கூட்ஸ் ரெஜிஸ்டர் ஒன்றின் நடுவே தட்டையாகப் படுத்திருந்தன. வீட்டில் அவ்வளவு நிம்மதியாகப் படுத்திருந்தவை அவைதான்.

நாற்பத்தாறாம் வருஷம் ஒரு சம்பள நாளில் அவர் கைக்கு ஒரு புது இரண்டு ரூபாய் நோட்டு வந்தது. அச்சாபீஸில் வெட்டும்போது தாளின் ஒரு மூலை உள்ளே மடிந்துபோயிருக்கிறது. பிரித்ததும் அந்த மூலையில் ஆட்டுக் காது மாதிரி ஒரு துண்டு காகிதம் கூடுதலாக நீட்டிக்கொண்டு நின்றது. பாவா பட்டணத்தில் நோட்டு, ஸ்டாம்பு வாங்கி விற்கிற பஞ்சாட்சரத்துக்குக் கடுதாசி போட்டார். அறுபது ரூபாய் தருவதாகப் பதில் வந்தது.

பாவாவின் தங்கை தபிதாளுக்கு வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ், துணிமணி, புத்தகம் எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய். திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு. பஞ்சாட்சரம் வருவதாகச் சொன்னது சனிக்கிழமை காலை வண்டிக்கு.

பொதட்டூர்பேட்டை லுங்கிகள் கட்டுக் கட்டாக எங்கள் வீட்டுக்கு வரும். ஓரத்தில் தொங்குகிற நூலைக் கத்தரித்து மடித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. பிசிறு என்று ஒன்று கண்ணில் பட்டால் அவள் கை சும்மா இருக்காது. நான் போட்டிருக்கும் சட்டையிலேயே கத்தரி வைப்பாள்.

சனிக்கிழமை பஞ்சாட்சரம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அக்கா ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நான்கு மூலையும் கச்சிதமாக இருந்தன. காது இல்லை.

"அந்த நீட்டம் எங்க?" என்றார் பாவா.

"இன்னாங்க, அறுபது ரூபா குடுத்து வாங்க வர்றாரு. பிசிறோட நீட்டினா நம்மள இன்னா நெனைப்பாரு? நறுக்கிட்டேன்."

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப இது ரெண்டு ரூபாய்ம்மா."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, வாய்க்கு வந்த கிண்டலை நான் முழுங்கிவிட்டேன். தபிதாள் ஓடிவந்து, "வுடுங்க அண்ணி, அடுத்த வருஷம் போயிக்கறேன்" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பாவா உள்ளே போனார். ரெஜிஸ்டரை எடுத்துவந்து ஒரு ரூபாய் நோட்டுகள் பதினொன்றை வரிசையாகப் பரப்பினார். நம்பரின் ஆறு இலக்கமும் ஏழாக ஒன்று. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே நம்பராக ஒன்று. அடுத்தடுத்த நம்பரில் நான்கு. எதிலும் ஒரு மடிப்புக் கோடு இல்லை. பஞ்சாட்சரம் கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

"இருபது தர்றேன்."

"அறுபதுங்க."

"மிஸ்டர் யோபு, உங்க அவசரம் எனக்குத் தெரியுது. இருபத்தஞ்சு."

பாவா ஒரு நோட்டை எடுத்தார். நிதானமாக, விளிம்போடு விளிம்பு சேர்த்து, நகத்தால் அழுத்தி மடித்து, வெற்றிலைப் பையில் செருகினார்.

"ஐயோ! என்ன பண்றீங்க?"

"எனக்கு வெத்தல வாங்கணும். இப்ப பத்து இருக்குது. அறுபது."

"நாற்பது!"

அடுத்தது அந்த ஏழுகள் நோட்டு. அதன் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கின. பாவாவின் கட்டைவிரல் அழுத்த மனசில்லாமல் நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது. பஞ்சாட்சரத்துக்கு நோட்டு மட்டும் தெரிந்து விரல் தெரியாதபடி நான் குறுக்கே சாய்ந்து நின்றுகொண்டேன்.

"மடிக்காதீங்க சார்! வைங்க கீழே! அறுபது, அறுபது!"

ஆறு பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு, பாவாவின் நோட்டுகள் பத்தையும் பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி அட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர் வண்டிக்கு ஓடினார்.

"அவரு போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப அண்ணா?" என்றாள் தபிதாள்.

"பதினொண்ணையும் மடிச்சிருப்பேன்."

"அப்பறம்?"

"ஆங், அப்பறம் உங்க அண்ணியோட சேந்து உக்காந்து அழுதிருப்பேன்."

அக்கா அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பாவா அந்த ஆறு நோட்டுகளையும் சேர்த்து நாலாக மடித்து, "மடியில கெட்டியா முடிஞ்சிக்கோ" என்று தபிதாளின் கையில் வைத்தார். ஒன்றின் நம்பரைக்கூட அவர் படிக்கவில்லை.