சட்டையில் அடித்த வாடை

எழுபதுகளின் நடுவில், மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம் அது. நாங்கள் ஆரம்பாக்கத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு டேங்கர் லாரி ஓட்டினார். அதில் வருவது மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற பாகு. அது சட்டையில் பட்டுப் புளித்துவிட்டால் சாராயம் மாதிரியே வாடை அடிக்கும். அவர் துணியை நான் தனியாகத்தான் ஊறவைப்பேன்.

ஒரு நாள் குறுக்கே வந்த எருமைக்காக வண்டியை ஒடித்ததில் லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் வந்த போலீஸ்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், டாக்டரும் எட்டி நின்றே சாராய வாடை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குடித்துவிட்டு ஓட்டியதாக ஜெயில். லைசென்சும் போயிற்று. குடியைத் தொடாத மனுஷன் அவர்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். தபால்காரர் வாசலில் நின்றாலே கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். ஜெயிலில் அவரைப் பார்க்கப் போனபோது, ஹைகோர்ட்டுக்கு மனு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"எதுக்குயா வம்பு? கொஞ்ச மாசம்தான், வாய மூடிக்கினு இருந்துட்டு வந்துடு. பெரிய கோர்ட்டுல கோச்சிக்கினு இன்னும் ஜாஸ்தி போட்டுட்டா இன்னா பண்ணுவ?"

"என் சட்டையத்தான் மோந்தாங்க, வாய ஊதச் சொல்லலன்னு எழுதிருக்கேன். இதுல கோச்சிக்க இன்னா இருக்குது?"

மனு கோர்ட்டில் தூங்கியது. தண்டனை முடிந்து அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். லைசென்ஸ் இல்லாமல் ஒரு கிடங்கில் இரும்பு தூக்கினார். அந்தக் காகிதம் எங்காவது தொலைந்து போகட்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். தொலையவில்லை. கோர்ட்டே ஒரு வக்கீலை வைத்து, விசாரணைக்கு நாளும் சொல்லிவிட்டது.

அந்த வாடையை நீதிபதிக்குக் காட்டவென்று என் வீட்டுக்காரர் கூட்டாளி டிரைவரிடம் அழுக்கான டூட்டி சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் கோர்ட்டுக்குப் போன ரயிலில் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, காலங்காத்தாலேயே போட்டுக்கினியா?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "இவருக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டிவுட்டா டாக்டருதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோர்ட்டில் வக்கீல் பையைத் திறக்கவே விடவில்லை. நான் கடைசி பெஞ்சில் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீதிபதி கேட்டார்: "தண்டனைதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கப்பா இந்தக் கேஸ்?"

சரி, கிளம்பிவிடலாம் என்று நான் பாதி எழுந்தேவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கைகட்டி நின்று சொன்னார்: "ஜெயில்ல இருந்தது போகட்டும்யா. நான் குடிச்சேன்னு எழுதி வெச்சிருக்குதே, அத்த மட்டும் எடுத்துடுங்க."

டாக்டர் எழுதியதை நீதிபதி மறுபடி வாங்கிப் படித்தார். வாயைச் சோதிக்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை, நடக்கவைத்தும் பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தத் தண்டனை செல்லாது என்றார்.

லைசென்ஸ் திரும்பியது. அவரும் அதே டேங்கருக்குப் போனார், நானும் அதே வாடையை ஊறவைத்தேன். இன்றும் ஏதாவது அநியாயம் நடந்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான். ஆனாலும் முடிந்துபோன தண்டனைக்காக ரயிலேறிய அந்த மனுஷனை நினைத்துக்கொண்டு, குரல் நடுங்க நடுங்கவாவது கேட்டுவிடுகிறேன்.