டெக்லனிடம் கேட்ட இரண்டாவது கேள்வி

அந்தச் சண்டையை நான் நிறுத்தியதும் அரங்கமே என்னைப் பார்த்து ஊளையிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் குடும்ப மருத்துவராக இருந்தேன். சில சனிக்கிழமைகளில் நியூ ஜெர்சியின் குத்துச்சண்டைப் போட்டிகளுக்கு ரிங்சைடு டாக்டர். ரவுண்டுகளுக்கு நடுவே வீரனைப் பரிசோதித்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று சொல்வது என் வேலை.

டெக்லன் அயர்லாந்தின் அமெச்சூர் சாம்பியன். புரொஃபஷனலாக மாறி இங்கே வந்தவன். அமெச்சூரில் மூன்றே ரவுண்டு. அடித்துவிட்டுச் சட்டென்று நகர்ந்துவிடுவான், யாராலும் தொட முடியாது. இங்கே எட்டு ரவுண்டு. அதற்கு உடம்பை நிதானமாகப் பழக்க வேண்டும். பழக்கவிட்டார்களா? நான்காவது போட்டியிலேயே இரும்புக் கைக்காரன் ஒருவனோடு கோத்துவிட்டார்கள். கோத்தவர் நம் தமிழர் சேகர்தான். சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திக்கொண்டே இந்தப் போட்டிகளையும் நடத்தியவர். போஸ்டரில் 'சாம்பியன்' என்று போட அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஐந்தாவது ரவுண்டு வரை டெக்லன்தான் பாயிண்டில் முன்னால் இருந்தான். அதன் கடைசியில் காதோரம் ஒரு குத்து விழுந்தது. அவன் விழவில்லை. ஆனால் தன் மூலைக்கு நடந்தபோது கால் பின்னியது. மேடையேறினேன்.

எந்த ரவுண்டு முடிந்தது என்று கேட்பது எங்கள் வழக்கம். பயிற்சியாளர்களுக்கும் இது தெரியும் என்பதால், நாங்கள் ஏறுவதற்குள் பதிலை வீரன் காதில் ஓதிவிடுவார்கள். அன்றும் ஓதினார்கள். டெக்லன் ஐந்து என்று சரியாகச் சொன்னான். எனக்குத் திருப்தி இல்லை. இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டேன்.

ஒன்றுமில்லை, மூன்றும் முடிந்துவிட்டது, ஃபைனலில் ஜெயித்துவிட்டேன் என்று சிரித்தான். ஜோக் அடிக்கிறான் டாக்டர் என்று பயிற்சியாளர் குறுக்கே விழுந்தார்.

அதற்குள் சேகர் கயிற்றோரம் வந்துவிட்டார். "ஜெயிச்சிட்டிருக்கான் சார். இன்னும் மூணே ரவுண்டு. நம்ம ஆளு நீங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

ரயில் பெர்த்துக்கு அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லலாம், பந்தியில் சொல்லலாம். ஒருவன் மூளைக்கும் அதே வார்த்தையா?

"அவன் இப்ப நியூ ஜெர்சில இல்ல சேகர், அயர்லாந்துல இருக்கான்," என்றேன். "இன்னொரு அடி விழுந்தா எங்கயுமே இருக்க மாட்டான்."

சண்டையை நிறுத்தச் சொல்லி ரெஃப்ரீயைப் பார்த்துக் கையசைத்தேன்.

அன்றிரவே ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் மூளையோரம் ரத்தக்கசிவு தெரிந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சேகர் என்னிடம் கேட்டது, அவன் அடுத்த போட்டிக்கு எப்போது ஃபிட் ஆவான் என்பதுதான். டெக்லன் அதன்பின் மேடை ஏறவே இல்லை.

இந்த வேலைக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் பதிலை நம்பாதீர்கள், அது அவனுடையதாக இருக்காது. இன்னொரு கேள்வி கேளுங்கள்.

கண் விழித்ததும் டெக்லன் என்னிடம் கேட்டது, நான் ஜெயித்தேனா என்றுதான். அன்றைய சண்டை தோல்வி என்றே பதிவாகியிருந்தது. "ஃபைனல்ல நீதான் ஜெயிச்ச" என்று சொன்னேன். அயர்லாந்தில் அவன் உண்மையாகவே ஜெயித்த ஃபைனல் அது.