அலமாரி மேல் இருந்த சார்ஜர்

என் மச்சான் வீரையா போன மாதம் தன் படகில் பேட்டரி சார்ஜரை மாற்றினார்.

இதையெல்லாம் ஒரு விஷயமென்று பத்தியில் எழுதுவதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஒரு சார்ஜருக்காக ஒரு மனிதர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் எழுதியிருப்பீர்கள்.

மச்சான் என் சரோஜா அக்காவின் கணவர். எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். வேலையை விட்டதும், பாசிர் பெனாம்பாங்கில் ஒரு சீனரிடமிருந்து பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கினார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தூண்டில் பிடிக்கத் தெரியாத மனிதருக்குப் படகு எதற்கு?

அவரிடம் பதில் இருந்தது. நம் எஸ்டேட் ஜனங்கள் அஸ்தி கரைக்க, பக்கத்தில் ஆறு கடலில் கலக்கும் கோல சிலாங்கூருக்குத்தான் வருகிறார்கள். படகுக்காரர்களிடம் கெஞ்ச வேண்டும். கிடைத்தாலும் மீன் கூடைகளுக்கு நடுவே கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மச்சான் படகைத் தேய்த்துக் கழுவினார். மஞ்சள் பெயின்ட் அடித்தார். உட்காரப் பலகை போட்டார். அஸ்தி கரைக்க வருகிறார்கள் என்றால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டுதான் படகில் ஏறுவார். அந்த வேட்டியைப் பார்த்த பிறகு அக்காவின் கோபம் போய்விட்டது.

குறை ஒன்றே ஒன்றுதான் – சார்ஜர். படகோடு வந்த இரும்புப் பெட்டி அது. சாயங்காலம், படகு கட்டும் ஜெட்டியில் உள்ள கொட்டகை பிளக்கில் செருகினால் உறும ஆரம்பிக்கும். பேட்டரி நிறைந்ததும் ஆள் போய் நிறுத்த வேண்டும். மறந்தால் அது பாட்டுக்குக் கரண்டை ஏற்றிக்கொண்டே இருக்கும்... பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்துச் சுண்டிவிடும்.

மகள் கமலா ரவாங் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். கிள்ளானிலிருந்து புது மாடல் சார்ஜர் ஒன்றை வாங்கி வந்தாள்.

“அப்பா, இது ஆட்டோமேட்டிக். பேட்டரி ஃபுல்லானா தானாவே நின்னுரும். நீங்க எந்திரிச்சு ஓட வேணாம் லா.”

மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எப்ப நிக்கணும்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியும்ப்பா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க.”

“பழசு நல்லாத்தானே ஓடுது? அது கெட்டுப் போவட்டும், இத மாட்டிக்கலாம்.”

புது சார்ஜர் பெட்டியோடு அலமாரி மேல் ஏறியது. தூசி படியக் கூடாதென்று அக்கா அதன் மேல் ஒரு துண்டை விரித்துப் போட்டாள்.

முழுசாகக் கெட்டுப் போன சாமானை நாம் உடனே தூக்கிப் போட்டுவிடுகிறோம். பாதி கெட்டதைத்தான் வைத்துக் கொண்டாடுகிறோம். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமே... தட்டினால்தான் ஓடும் ஃபேன்?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் மச்சான் சார்ஜரைப் போட்டுவிட்டு, தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனார். திரும்பி வந்தவர் அசதியில் அப்படியே தூங்கிவிட்டார்.

காலையில் எஸ்டேட் வேன் ஒன்று ஜெட்டி வாசலில் வந்து நின்றது. இதே ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். இறந்தவர் முனியம்மா என்ற அம்மாள். அவருடைய மகள் லெட்சுமி, சிங்கப்பூரிலிருந்து லீவில் ஓடி வந்த மகன் சேகர், எஸ்டேட் கோயில் பண்டாரம், இன்னும் நாலைந்து பேர். கலயம் சேகரின் கையில் இருந்தது.

“அம்மா கடலப் பாத்ததே இல்லண்ணே,” என்றாள் லெட்சுமி, படகில் ஏறும்போதே. “டிவில கடல் வந்தா வேலய விட்டுட்டு வந்து நிக்கும். அதான், ஆத்துல கரைக்க வேணாம், நல்லா உள்ள போயிக் கரைக்கலாம்னு தம்பி சொன்னுச்சு.”

“கூட்டிட்டுப் போறேம்மா. கரை தெரியாத எடத்துக்கே கூட்டிட்டுப் போறேன்,” என்றார் மச்சான்.

ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

டிக்.

மறுபடியும் அழுத்தினார். டிக். அவ்வளவுதான். பலகையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பேட்டரியும் தொட முடியாத சூடு. பக்கமெல்லாம் உப்பியிருந்தது. மூலையில் அந்த இரும்புப் பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. மச்சான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

வேன் பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தோம். படகு இன்ஜினுக்கு அது பத்தவில்லை. அக்கம்பக்கத்துப் படகுகள் விடியும் முன்பே மீனுக்குப் போயிருந்தன. வேறு பேட்டரி தேடி நான் டவுனுக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை, பெருநாள் லீவு... கடையெல்லாம் பூட்டு.

திரும்பி வந்தபோது பண்டாரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ராகு காலம் வந்துருமேப்பா,” என்றார் மெதுவாக. சேகரின் சிங்கப்பூர் பஸ் அன்று மாலை. லீவு அதோடு முடிகிறது. கொள்ளி வைத்த மகன் இல்லாமல் கரைக்க முடியுமா?

சேகர்தான் முடிவு சொன்னான். “பரவால்லண்ணே. இங்கயே கரைச்சிரலாம். ஆறு கடலுக்குத்தானே போவுது?”

ஜெட்டிப் படியில் இறங்கி, முட்டளவு சேற்றுத் தண்ணீரில் நின்று கரைத்தார்கள். பூமாலையை விட்டார்கள். கலயத்தையும் விட்டார்கள்.

அப்போது வெள்ளம் ஏறிக்கொண்டிருந்த நேரம். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் வரும் நேரம். மாலை கொஞ்சம் சுற்றியது... பிறகு உள்நாட்டுப் பக்கம் திரும்பி, ஆற்றின் மேலே மேலே போக ஆரம்பித்தது.

லெட்சுமி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா எஸ்டேட்டுக்கே திரும்பிப் போவுது தம்பி,” என்றாள்.

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. யாரும் மச்சானை ஒரு வார்த்தை திட்டவில்லை. சேகர் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வேனில் ஏறினான். திட்டியிருந்தால் மனிதர் சாப்பிட்டிருப்பார்.

அன்று மாலையே அலமாரி மேலிருந்த பெட்டி இறங்கியது. மச்சான் பழைய சார்ஜரைக் கழற்றினார். மரத்தில் அதன் அடையாளம் துருவாகப் பதிந்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். புதியதை மாட்டினார், மறுநாள் கடை திறந்ததும் புது பேட்டரி வாங்கிப் போட்டார். நிறைந்ததும் பச்சை விளக்கு எரிந்து தானாகவே நின்றது. கமலா துருத் தூளைக் கூட்டி அள்ளினாள். நல்ல பிள்ளை.

இரண்டு நாள் கழித்து மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த எஸ்டேட்டுக்குப் போனார். லயத்து வீட்டு வாசலில் லெட்சுமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“தப்பு என் மேலதாம்மா. எப்ப வேணும்னாலும் சொல்லு, கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். படகு இப்ப சரியா இருக்கு.”

“எடுத்துட்டு வர்றதுக்கு இனி என்னண்ணே இருக்கு?”

மச்சான் தலை குனிந்துகொண்டார். நான் கிளம்பலாம் என்று சைகை காட்டினேன். லெட்சுமி கையிலிருந்த ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“நா... மட்டும் வரட்டுமாண்ணே? நானும் பாத்ததில்ல.”

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள், தன் இரண்டு பெண்களோடு. மச்சான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஒரே அழுத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆற்று முகத்தைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் இருந்த காடு விலகியது. முன்னால் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றுமில்லை. பெண்கள் இரண்டும் கூச்சல் போட்டார்கள். மச்சான் இன்ஜினை நிறுத்தினார்.

லெட்சுமி கொண்டு வந்த பூவைத் தூவினாள். கும்பிட்டாள். அப்புறம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். கரை இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது.

“இவ்ளோ பக்கத்துலயாண்ணே இருந்துச்சு?” என்றாள்.

பக்கத்தில்தான் இருந்தது. ஒரு பஸ், ஒரு படகு... அவ்வளவு தூரம்தான். ஆயுசு முழுக்க அந்த அம்மாளை அங்கே கூட்டி வர ஒருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அதற்குமா சார்ஜரைக் குற்றம் சொல்ல முடியும்?

உங்கள் வீட்டில் எதையாவது பார்க்க வேண்டுமென்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா இருக்கிறாரா? ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓடுகிறது.