ரயருக்கு ஊற்றும் பால்

எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்கும் பால், சைக்கிள் ரயருக்கும் பால். இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

என் மகள் மலைச்சைக்கிள் பந்தயம் ஓடுகிறவள். காடு, மேடு, கல், மணல் எல்லாவற்றுக்குள்ளும் விழுந்தெழும்பி ஓடும் பந்தயம் அது. உப்புவெளியில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் கடற்கரையில் நிற்க, இவளுக்கென்னவோ பற்றைக்காடுதான் பிடித்தது. அந்த வருடம் இளையோர் பிரிவில் அவளுக்குக் கடைசி வருடம். தெரிவுப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தேசிய அணியோடு பயிற்சி. விட்டால் வயது தாண்டிவிடும், பிறகு பெரிய பெண்களோடு மோதவேண்டும். அந்தப் போட்டியை அதிசயமாக எங்கள் பக்கமே வைத்தார்கள், இறக்கக்கண்டிக்கு உள்ளே ஒரு குன்றடியில். தேடி வந்த அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

சாதாரண ரயருக்குள் ரியூப் இருக்கும். முள் குத்தினால் காற்றுப் போய்விடும், கல்லில் இடித்தால் ரியூப் நசிந்து வெட்டுப்படும். ஆகவே இந்தப் பந்தயக்காரர் ரியூப்பைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ரயரின் விளிம்பை றிம்மோடு இறுக்கி உட்காரவைத்து, உள்ளே வெள்ளைத் திரவம் ஒன்றை ஊற்றுவார்கள். றப்பர் பால் கலந்தது. முள் குத்திய துவாரத்தில் அது கசிந்து, கட்டியாகி, தானே அடைத்துக்கொள்ளும். காற்றையும் குறைவாக வைக்கலாம், ரயர் மண்ணைக் கவ்விப் பிடிக்கும்.

எந்த ரயர் போடுவது என்பதிலேயே வீடு இரண்டுபட்டது. மகளுக்கு இலேசானது வேண்டும். முன்சில்லுக்குப் பல் கூடியது, பின்சில்லுக்குப் பல் குறைந்து வேகமாக உருளுவது. நான் பக்கம் தடித்ததைத்தான் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

“அது பாரம் அப்பா. ஏத்தத்தில நீங்கள் வந்து தள்ளுவியளே?”

“உடைமுள்ளு என்ன, பாரம் பாத்தே குத்துது?”

கடைசியில் முன்னுக்கு அவள் கேட்டது கிடைத்தது. பின்னுக்கு அவள் கேட்டதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை, கொழும்புக் கடையில் எது இருந்ததோ அது வந்தது. பக்கம் மெல்லிசு. இங்கே இருந்துகொண்டு தெரிவு செய்வது என்றால் அவ்வளவுதான்.

பூட்டுவது அடுத்த கூத்து. வீட்டுப் பம்பால் எவ்வளவு அடித்தாலும் உள்ளே போன காற்று விளிம்பால் வெளியே வந்தது. சவர்க்காரத் தண்ணீர் பூசியும் அசையவில்லை. இரண்டு சில்லையும் தூக்கிக்கொண்டு டவுனில் லொறி ரயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் கிண்ணியாக்காரர்.

“ரியூப் எங்க?” என்றார்.

“இல்லை.”

“துலைச்சிட்டீங்களா?”

மகள் சிரித்துச் சிரித்து விளக்கினாள். அவர் நம்பாமலே லொறிக்குக் காற்றடிக்கும் மிஷினைத் திறந்தார். டப், டப் என்று விளிம்பு றிம்மில் ஏறி உட்கார்ந்தது. இனிப் பால் ஊற்ற வேண்டியதுதான் மிச்சம். பழைய போத்தலில் இருந்தது காய்ந்து தோலாகிவிட்டிருந்தது. இந்த வெயிலுக்குப் பால் நிக்காது, வெயில்தான் இதுக்கு எமன் என்று நான் வீட்டில் புலம்பாத நாள் இல்லை.

கொழும்புக் கடைக்காரர் பெரிய பிளாஸ்டிக் கானிலிருந்து ஒரு வெறும் போத்தலில் நிரப்பி பஸ்ஸில் கொடுத்துவிட்டார். எனக்குத் துறைமுகப் பக்கம் வேலை, பஸ் வரும் நேரம் வெளிக்கிட ஏலாது. மனைவிக்குப் போன் எடுத்து, “பஸ்ஸில பால் வருது, வாங்கி வையும்” என்றேன். அவளும் கொதிக்கிற வெயிலில் போய், குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, பத்திரமாக வைத்தாள். எங்கே? பிரிஜ்ஜில், ஐஸ் உறையும் தட்டில்.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. அதற்கு அடுத்த நாள் போட்டி. மகள் ஓட்டப் பாதையைப் பார்க்கப் போயிருந்தாள். போத்தலைத் தேடி எடுத்தால் கையில் கல். வெயிலில் வைத்து உருகவிட்டேன். மேலே தண்ணீர், கீழே கட்டி கட்டியாக றப்பர். திரைந்துபோய்விட்டது. எனக்கு உச்சியில் ஏறியது.

“ஆர் இதை ஐஸுக்குள்ள வைக்கச் சொன்னது?”

“வெயில் கூடாதெண்டு நெடுகச் சொல்லுறது நீங்கள்தானே? கெட்டுப்போகாமல் இருக்கட்டும் எண்டு வைச்சனான்.” போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏன், பழுதாப் போச்சுதே?”

உலகத்தில் எந்தப் பாலையும் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வந்த கோபத்தைக் கொட்ட இடமில்லாமல் நானே விழுங்கினேன்.

போயா என்றால் கொழும்புக் கடையும் பூட்டு, மோட்டார்சைக்கிளுக்கு ஊற்றுவது விற்கும் கடையும் பூட்டு. கிண்ணியாக்காரருக்கு எடுத்தேன், லொறிக்கு ஒட்டுகிற துண்டுதான் இருக்கு என்றார். தேத்தண்ணி வடியை எடுத்து, அந்தத் தண்ணீரை வடித்து, அதையே சில்லுகளுக்குள் ஊற்றினேன். மகள் வந்து கேட்டபோது, பஸ்ஸில் சூடுபட்டுக் கொஞ்சம் பழுதாகிவிட்டது என்றேன். மனைவி குசினிக்குள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

“ரியூப்பைப் போடுவமே பிள்ளை?”

“ரியூப்போட அந்த முள்ளுக்க போனால் ஒரு சுற்றும் தாங்காது அப்பா.” பின்ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். “காத்து நிக்குதுதானே. பாப்பம்.” அவசரத்துக்கென்று ஒரு ரியூப்பையும் சின்னப் பம்பையும் மட்டும் இருக்கையின் கீழ் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் போட்டியில் முதல் இரண்டு சுற்றும் அவள் இரண்டாவதாக வந்தாள். மனைவி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மூன்றாம் சுற்றில், நாங்கள் நின்ற வளைவுக்குக் கிட்ட, பின்சில்லிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் சீறியது. நல்ல பால் என்றால் சில்லு நாலுதரம் உருள அடைத்திருக்கும். இது துப்பிக்கொண்டே இருந்தது. அவள் குதித்திறங்கி ரியூப்பைப் போட்டாள். அவசரத்தில் முள் ரயருக்குள் முறிந்து நின்றதை அவள் காணவில்லை. ஏறி ஓடி, அடுத்த மேட்டுக்குள் திரும்பவும் காற்றுப் போய்விட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

பாதை மேட்டைச் சுற்றி மறுபடி எங்கள் முன்னால்தான் வரும். என் கையில் பம்ப் இருந்தது, பையில் இன்னொரு ரியூப் இருந்தது.

“போய்ப் பூட்டிக் குடுங்கோவன்,” என்றாள் மனைவி.

“ஏலாது.”

“ஏன் ஏலாது? பெத்த பிள்ளைக்கு உதவ ஏலாதே?”

“உதவ விடுற இடம் குன்றுக்கு அங்கால. இஞ்ச வைச்சு நாங்கள் தொட்டால் அவளைப் போட்டியால எடுத்துப்போடுவாங்கள்.”

அங்கால போனாலும் மற்றப் பிள்ளைகளைப்போல மாற்றிவிட ஒரு சில்லு எங்களிடம் இல்லை. மகள் கிட்ட வந்தாள். முகமெல்லாம் புழுதி, முழங்காலில் இரத்தம். மனைவி என் கையிலிருந்த பம்பைப் பறித்துக்கொண்டு, பாதையோரம் கட்டியிருந்த நாடாவைத் தூக்கினாள்.

“அம்மா, கிட்ட வராதேங்கோ,” என்றாள் மகள். எங்களைப் பார்க்காமலே சொன்னாள்.

மனைவி நாடாவை விட்டாள். பம்பை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை விலத்தி முந்திக்கொண்டு போனார்கள். நான் எண்ணவில்லை.

கடைசியாகத்தான் வந்து முடித்தாள். விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்கமாட்டாள். திரும்பும் வழியில் நிலாவெளி றோட்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம்.

“பாலோ, பிளேன்ரீயோ?” என்றார் கடைக்காரர்.

“எனக்குப் பால் வேண்டாம்,” என்றாள் மகள். அவளுக்கு அதில் ஒன்றுமில்லை, களைத்த வாய்க்குப் பால் கூடாது, அவ்வளவுதான். மனைவி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

“அந்தப் பாலை நான்தான் பிள்ளை ஐஸுக்குள்ள வைச்சனான். வெயிலில கெட்டுப்போகாமல் இருக்கட்டும் எண்டு...”

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சூடுபட்டதென்று சொன்னவன் நான். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய், வெளியே சைக்கிளருகில் குந்தியிருந்து, பின்ரயருக்குள் விரலைவிட்டு அந்த முள்ளைத் தேடினாள். அவளிடம் போவதா, இவளோடு இருப்பதா என்று தெரியாமல் நான் கதிரையிலேயே இருந்தேன். கடைக்காரருக்கு எங்கள் கதை காதில் விழவில்லைப்போல. மூன்று கிளாசிலும் பால் விட்டே கொண்டுவந்து வைத்தார். என்னுடையதை எடுத்துக் குடித்தேன்.