முறத்தில் வழிந்த கறுப்பு

பெரியம்மா காளான் பறித்துக்கொண்டு வந்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மடித்துப் பிடித்த முந்தானைக்குள் சாம்பல் நிறத்தில், விரிந்தும் விரியாத குடைகள். கொல்லையில் மக்கிக் கிடந்த பழைய மரத்தூரைச் சுற்றி முந்தின நாள் ஒன்றுமே இல்லை. ஒரு மழைக்கு அத்தனையும் கிளம்பிவிட்டிருந்தன. செஞ்சிக்கு வெளியே, சிங்கவரம் போகும் பாதையில் இருந்தது அவள் வீடு. யுத்த காலம், ரேஷன் அரிசி போதாது. நைனாவுக்கு வேலை போயிருந்ததால் அம்மாவும் நானும் அங்கேதான் இருந்தோம். பிள்ளை இல்லாத பெரியம்மா எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சியதைத்தான் தான் சாப்பிடுவாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் பாதிக் காளானைக் குழம்பு வைத்தாள். மீதியை மாலைக்கு ஆகுமென்று முறத்தில் பரப்பினாள். பெரியப்பா, அவருடைய தம்பி, அம்மா, நான், கடைசியாகப் பெரியம்மா, எல்லோரும் அந்த ஒரே குழம்பைத்தான் சாப்பிட்டோம். பெரியப்பா விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலில் வெகுநாள் படுத்து எழுந்தவர். எலும்பும் தோலுமாக இருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மட்டும் கள் குடித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்துவிட்டன. "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது" என்றார். பிறகு ஓயாத வாந்தி. வண்டி கட்டிக்கொண்டு செஞ்சிக்கு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

உடலைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, முறத்தில் இருந்த காளான்கள் கரைந்து போயிருந்தன. கறுப்பு மைபோல மூங்கில் இடுக்கு வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தன. முதலில் பார்த்தவர் பெரியப்பாவின் தம்பி. அதுவரை அண்ணி என்று மரியாதையாக அழைத்தவர், முறத்தை அவள் காலடியில் கவிழ்த்தார். "எல்லாருந்தான துன்னோம்? எங்கண்ணன் மட்டும் எப்படிச் செத்தாரு? இன்னா கலந்த, சொல்லு."

"ஒரே சட்டிதான் தம்பி. நானும் அதத்தான் துன்னேன்" என்றாள் பெரியம்மா.

போலீஸ் வந்து விசாரித்தது. சாட்சி இல்லையென்று விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. கோயிலில் அவள் உட்காரும் பக்கம் யாரும் உட்காரவில்லை. கல்யாணம், சாவு எதற்கும் அடுப்பங்கரைப் பக்கம் அவளை விடவில்லை. நிலத்தைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டார். இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் அம்மாவும் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழிக்கு ஆகுமென்று பெரியம்மா கட்டிக் கொடுத்த பொரிமாவை, வீடு கண்ணுக்கு மறைந்ததும் அம்மா சாலையோரத்தில் கொட்டினாள். ஒரே வயிற்றில் பிறந்தவள் செய்தது அது.

நான் படித்து, பட்டணத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்க வந்தேன். காளானின் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. நண்டு ஓட்டில் இருப்பதும் அதுதான். மொட்டாக இருக்கும்போதே செல்கள் பெரும்பாலும் உருவாகிவிடுகின்றன. ஈரம் கிடைத்ததும் நொதிகள் சுவரை நெகிழ்த்திக் கொடுக்க, செல்கள் தண்ணீரைக் குடித்து நீள்கின்றன. ராத்திரிக்குள் குடை எழும்புவது அப்படித்தான். மைக்காளான் என்ற வகையில், வித்து முதிர்ந்ததும் காளானின் சொந்த நொதிகளே சுவரைக் கரைத்துவிடும். குடை கறுப்புச் சாறாக வழியும். அது கெட்டதும் அல்ல, யாரும் கலந்ததும் அல்ல. அவற்றில் சிலவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. சும்மா தின்றால் ஒன்றும் செய்யாது. ஆனால் மதுவை முறிக்க நம் உடலில் இருக்கும் நொதியை முடக்கிவிடும். கூடவே குடித்தவருக்கு முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாந்தி வரும். திடமானவர் பிழைத்துக்கொள்வார்.

இதைப் படித்ததும் பெரியப்பாவின் சிவந்த முகமும் அந்த முறமும்தான் நினைவுக்கு வந்தன. நாங்கள் அன்று தின்றது அந்த இனம்தானா என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த லீவிலேயே செஞ்சிக்கு பஸ் ஏறினேன்.

பெரியம்மா அதே வீட்டில், ஒற்றை அறையில் இருந்தாள். பார்வை மங்கியிருந்தது. பாடம் நடத்துவதுபோல் இல்லாமல், மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள்மேல் எந்தப் பழியும் இல்லை என்று முடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"அப்ப, அவரு கள்ளு குடிக்காம இருந்திருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது பெரியம்மா. நாமெல்லாம் நல்லா இல்லியா?"

தரையைக் கையால் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அவரு வேணான்னுதான் சொன்னாரு. காச்சல்ல கெடந்த ஒடம்பு, தெம்பு வரும்னு நான்தான் வாங்கியாந்து குடிக்க வச்சேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அத்தனை வருஷம் ஊர் சொன்னதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டாள்.