அண்ணன் படித்த மூன்று புத்தகங்கள்

இந்த நினைவு மலருக்காக என் சித்தப்பா மகன் ஒரு கட்டுரையை எழுதிக்கொண்டு வந்தான். "அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர், ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவர்" என்று இருந்தது. "இது யாருடா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான்க்கா போடுறாங்க" என்றான். நான்காகக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தேன். எங்கள் அண்ணன் அதிர்ந்து பேசுவார். கை நீட்டுவார். ஒருமுறை ஒருவன் கழுத்தில் அரிவாளை வைத்தார். அதற்கு அவரைத் தூண்டிவிட்டவள் நான். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, அவரை அறிந்த உங்கள் முன்னால் அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

அண்ணன் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊரில் பிறந்தார். அப்பா பாம்பு கடித்து இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஏழு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு விருத்தாசலத்துக்கு வந்து செராமிக் வேலையில் சேர்ந்தார். முதலில் களிமண் கூழை அச்சில் ஊற்றும் வேலை. பிறகு சூளை அவர் பொறுப்பாயிற்று. தீயின் நிறத்தைப் பார்த்தே இன்னும் எத்தனை மணி நேரம் எரியவேண்டும் என்று சொல்லிவிடுவார். அந்தச் சம்பளத்தில்தான் என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். நான் நல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பாடம் சொல்லித்தருகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவர் மகன் பாலுவை அண்ணி பெற்றார், நான் தூக்கி வளர்த்தேன்.

பாலுவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேப்பூர் நெடுஞ்சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. மத்தியானம் மூன்று மணி. எங்கள் தெருப் பையன் ஒருவன் குடித்திருந்தான். பாலு அவனிடம் பைக் சாவியைக் கொடுக்கவில்லை. "இப்படி ஓட்டினா செத்துருவடா" என்றிருக்கிறான். கடைக்குப் பின்னால் கைகலப்பு ஆகி, அவன் சோடா பாட்டிலை உடைத்து பாலுவின் தொடையிலும் வயிற்றிலும் குத்திவிட்டு ஓடிப்போனான். அவன் பெயரை இந்த மலரில் போடமாட்டேன். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் என் கையால் சோறு தின்றவன் அவன். அண்ணனை "மாமா" என்றுதான் கூப்பிடுவான்.

பிண அறைக்கு வெளியே அண்ணன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உடனே போயிட்டானா சார்?"

"இல்லைங்க. அரை மணி, முக்கால் மணி நேரம் உயிர் இருந்திருக்கும்."

அந்த முக்கால் மணி நேரம் அண்ணனைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் எல்லோரும் பாலு செத்துவிட்டான் என்று அழுதோம். அண்ணனோ அவன் செத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே நின்றுவிட்டார். வலித்திருக்குமா, நினைவு இருந்திருக்குமா, யாரைக் கூப்பிட்டிருப்பான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "போனவன் போயிட்டான், அதை ஏம்பா நோண்டிக்கிட்டு" என்றார் பெரியப்பா. அண்ணன் பெரியப்பாவின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார். நான்கு பேர் சேர்ந்து விலக்கினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், அதுவரை நூலகத்துப் படியையே மிதிக்காத என் அண்ணன் அங்கே போய் நின்று, "சாவைப் பத்தி புத்தகம் இருக்குதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். நூலகர் அம்மா ஒரு வார்த்தையும் திருப்பிக் கேட்காமல் மூன்று புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்று, உயிர் போகும்போது உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று ஒரு மருத்துவர் எழுதியது. இன்னொன்று, மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுதியது. மூன்றாவது, சாகக் கிடப்பவர்களோடு பல காலம் இருந்த ஒரு நர்ஸ் எழுதியது. மூன்றையும் அண்ணன் சூளைக்கு எடுத்துப் போவார். மணிக்கு ஒருமுறை சூடு குறிக்கும் நோட்டின் பின்பக்கத்தில், படித்ததைத் தன் கோணல் எழுத்தில் எழுதிவைப்பார். தவணை தீர்ந்ததும் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவார். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

நான்காவது மாதம், பிடிபட்டு உள்ளே இருந்த அவன் ஜாமீனில் வந்தான். தெருக்கோடியில் உள்ள தன் வீட்டுக்கே வந்தான். காலையில் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அன்று பள்ளிக்குப் போகாமல் கொல்லையில் கிடந்த அரிவாளைப் பட்டறைக்கு எடுத்துப்போய்த் தீட்டிக்கொண்டு வந்து அண்ணனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அண்ணன் அதைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ரத்தம் போனா தாகம் எடுக்குமாம் பாப்பா. குளிருமாம். காது மட்டும் கடைசி வரைக்கும் கேக்குமாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த வெறி வந்ததோ தெரியவில்லை. அவர் தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். "புள்ளயக் கொன்னவன் தெருவுல நின்னு பல்லு வெளக்குறான். நீ புத்தகம் படிச்சு எனக்குப் பாடம் சொல்றியா? நீ எல்லாம் ஒரு அப்பனா?" என்று கத்தினேன். அண்ணி என் வாயைப் பொத்தினார். அண்ணியின் கையைக் கடித்துவிட்டேன். அந்தத் தழும்பு இன்னும் அவர் கட்டைவிரலில் இருக்கிறது. அண்ணன் தரையில் சிதறிய சோற்றை வழித்து எடுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அந்தப் புத்தகங்கள்தான் அவர் ரத்தத்தை ஆற்றிவிட்டன என்று நான் முடிவுகட்டினேன். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சூளைக்குப் போனேன். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். மூன்று புத்தகங்களும் பெஞ்சின் மேல் இருந்தன. அது எண்ணெயில் எரியும் சூளை. அதில் ஒரு துரும்புகூடப் போகக்கூடாது, போனால் சாம்பல் பறந்து மேலே பூசிய மெருகில் ஒட்டிக்கொள்ளும் என்று அண்ணனே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அனலைப் பார்ப்பதற்காக அதன் சுவரில் ஒரு செங்கல்லை உருவி எடுப்பார்கள். நான் அதை உருவினேன். புத்தகங்களைக் கிழித்துக் கிழித்து, சுருட்டி, கம்பியால் அந்த ஓட்டைக்குள் குத்தித் திணித்தேன். அனல் வெளியே சீறி மணிக்கட்டைப் பொசுக்கியது. விடவில்லை. மகளை இழந்த தாயையும் கிழித்தேன், மருத்துவரையும் கிழித்தேன், நர்ஸையும் கிழித்தேன். கடைசி அட்டை வரைக்கும் உள்ளே போன பிறகுதான் செங்கல்லைச் சொருகினேன். அண்ணன் கேட்டதற்கு, "லைப்ரரில குடுத்துட்டேன்" என்றேன்.

"மூணாவது இன்னும் முடிக்கலியே பாப்பா" என்றார்.

சூளை ஆறி, இரண்டு நாள் கழித்துப் பிரித்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மேல் தட்டில் வெள்ளை டம்ளர்கள் அடுக்கியிருந்தார்கள். அத்தனையிலும் கறுப்புப் புள்ளிகள். அண்ணன் ஒரு டம்ளரை எடுத்து விரலால் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். பத்துப் பேர் முன்னால் என் கன்னத்தில் அறைந்தார். ஐம்பது வயதில் முதல்முறையாக என் அண்ணனிடம் அடி வாங்கினேன். காது இரைந்தது. அவர் நேராக வீட்டுக்குப் போய் அந்த அரிவாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பின்னாலேயே ஓடினேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாதித் தெரு வரைக்கும் இருந்தது. அண்ணனின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை எடுக்காமலே ஒற்றைச் செருப்போடு போனார். இந்த மனிதரும் திரும்பி வரப்போவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அவன் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் அவன் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்து, கழுத்தில் அரிவாளை வைத்தார். அவன் அம்மா, "அண்ணே, வேணாண்ணே" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். அண்ணன் உதறவில்லை.

"புத்தகம் போச்சு, இனி உன்னத்தான் கேக்கணும். என் புள்ள கூட கடைசியா நீதான்டா இருந்த. என்னா சொன்னான்? பொய் சொன்னா எனக்குத் தெரியும். நான் படிச்சிருக்கேன்."

அவன் தொண்டை அசைந்தபோது அரிவாளில் பட்டு ரத்தம் கோடாக இறங்கியது. "தண்ணி கேட்டான் மாமா" என்றான். "குளுருது, தண்ணி குடுடான்னான்."

"குடுத்தியா?"

"இல்ல மாமா. ஓடிட்டேன்."

அண்ணன் அரிவாளை ஓங்கினார். "வேணாண்ணா!" என்று கத்திய குரல் என்னுடையதுதான். அரிவாளைத் தீட்டிக் கொடுத்த அதே நான்தான் கத்தினேன். அரிவாள் இறங்கியது. அவன் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தில் இறங்கியது. பிளாஸ்டிக் குடம் பிளந்து, தண்ணீர் கூடம் முழுக்க ஓடி அவன் சோற்றுத் தட்டு வரைக்கும் போயிற்று. அண்ணன் அரிவாளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். வழியில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டார். "உண்மையத்தான் சொல்றான் பாப்பா" என்றார். அதன் பிறகுதான், அந்தத் தெருவில் நின்றுதான், மகன் இறந்த நாளிலிருந்து முதல்முறையாக அண்ணன் வாய்விட்டு அழுதார்.

அவன் அதையே நீதிமன்றத்திலும் சொன்னான். இப்போது சிறையில் இருக்கிறான். இருக்கட்டும்.

நான் நூலகத்துக்குப் போய், புத்தகங்களை எரித்துவிட்டேன் என்று சொன்னேன். நூலகர் அம்மா என் கையைப் பார்த்தார். "அந்த நர்ஸு எழுதுனத நானும் படிச்சேம்மா, எங்க வூட்டுக்காரரு போனப்ப. வேற பிரதி வர வெச்சுத் தரேன், இந்தத் தடவ நீங்களே படிச்சிட்டுக் குடுங்க" என்றார். படித்தேன். ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு நாள் ஆயிற்று. துக்கம் கோபத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் என்று எனக்கு யாரும் அதுவரை சொல்லித்தரவில்லை.

அண்ணனுக்கு ஏற்கெனவே நெஞ்சில் கல்தூசி சேர்ந்திருந்தது. இரண்டு ஆண்டில் மூச்சு அடைத்துவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் அவர் முடிக்காமல் விட்ட மூன்றாவது புத்தகத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். சில இடங்களில், "அதைத் திரும்பப் படி" என்பார்.

கடைசி நாள் நடந்ததற்காக உறவில் பலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. பால் ஊற்றவந்த பெரியப்பாவின் கையை நான் தட்டிவிட்டேன். கிண்ணம் கட்டிலுக்கு அடியில் உருண்டது. "கடைசிப் பால் ஊத்த உடாம பண்ணிட்டாளே" என்று வராந்தாவில் பேசினார்கள். அந்தப் பால் அண்ணனின் தொண்டையில் இறங்கியிருக்காது, மூச்சுக்குழலில் போய் அடைத்திருக்கும். சாகிறவருக்கு வாயில் ஊற்றக்கூடாது, உதட்டை நனைத்தால் போதும் என்று அவரும் நானும் சேர்ந்து படித்திருந்தோம். பெரியப்பாவின் கையைத் தட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பாலைத் தட்டியதற்குக் கேட்கமாட்டேன்.

"தண்ணி" என்றார் அண்ணன். புள்ளி விழுந்த டம்ளர் ஒன்றில் தண்ணீர் எடுத்து, பஞ்சை நனைத்து, உதட்டிலும் நாக்கிலும் வைத்தேன். "போதும் பாப்பா" என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு நான்கு மணி நேரம் மூச்சு மட்டும் இருந்தது. நான் அவர் காதில் குனிந்து, அதுவரை அவரிடம் வாயால் ஒப்புக்கொள்ளாததைச் சொன்னேன். "நான்தான் எரிச்சேண்ணா. உன்னக் கொலகாரனாக்கப் பாத்தேன்." கண் திறக்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டிருக்கும்.

நூலகர் அம்மாவுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டிய தம்பிக்கும், அன்று சூளையை அணைத்துவிட்டு வந்து அண்ணனைத் தோளில் சுமந்த தோழர்களுக்கும், என் கடியையும் என் வாயையும் பொறுத்துக்கொண்ட அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரோடு உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறோம். விற்காமல் போன அந்தச் சூளையின் டம்ளர்கள்தான். அதில் உள்ள கறுப்பைத் தேய்க்காதீர்கள், போகாது. அது நான் எரித்த புத்தகம்.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு, சிறையில் இருப்பவனின் அம்மா வந்தார். பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார். உள்ளே வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. வெகுநேரம் கழித்து, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குக் கை வரவில்லை. அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்தும் வரவில்லை. அண்ணிதான் எழுந்து உள்ளே போய், இதே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, டம்ளரைத் திண்ணை மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆகையால் இதை அலமாரியில் வைக்காதீர்கள். உங்கள் வாசலில் யாராவது வந்து தண்ணீர் கேட்டால், ஆள் யாரென்று பார்க்காமல் இதில் கொடுங்கள். நானும் ஒரு நாள் கொடுப்பேன். அதுவரை எனக்காக நீங்கள் கொடுங்கள்.

தங்கை