பதில் அம்மா நாற்காலி

வளைகுடாவில் ருவைஸ் என்ற ஆலை ஊரில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. சீனா ஸ்கூல் என்றால் போதும், டாக்சிக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். நடத்துவது ஹாங்காங்கில் உள்ள ஒரு தாவோ மடம். ஆலை வேலைக்கு வந்த சீனக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினார்கள். பெஞ்சுகள் காலியாகக் கிடக்கவே, ஃபிலிப்பினோ, பாகிஸ்தானி, நம்மூர்ப் பிள்ளைகள் என்று கேட்டு வந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை.

தேவகனி அங்கே ஆயா. காலையில் பஸ்ஸில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும், மாலையில் கொண்டுபோய் விட வேண்டும். நடுவே வருகிற வாந்தி, மூக்குச்சளி, காணாமல் போன சாக்ஸ் எல்லாம் அவள் பொறுப்பு. இனயம் கடற்கரைக்காரி. புருஷன் பத்திநாதன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியவள். எத்தனையோ வீடுகளில் சமையல், எத்தனையோ வீடுகளில் பிள்ளை பார்ப்பு என்று சுற்றிவிட்டு இந்தப் பள்ளிக்கூடத்தில் வந்து ஒதுங்கினாள்.

வந்த முதல் நாளே ஒரு கூத்து. வாசல் ஹாலில் சுவர் முழுக்க ஒரு படம். தாடி வைத்த ஒரு கிழவர் எருமை மேல் உட்கார்ந்து வருகிறார். எருமை மேல் வருகிறவர் யாரென்று நம்மூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தேவகனி பதறிப்போய் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் எமனை மாட்டி வைத்திருக்கிறார்களே, இவர்களுக்கு ஏதும் புத்தி கித்தி கெட்டுவிட்டதா என்று. தலைமை ஆசிரியை மிஸ் லாம் விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எங்கள் தாவோ மார்க்கத்துப் பெரியவர், ஊர் பிடிக்காமல் நாட்டை விட்டு மேற்கே கிளம்பிப் போனவர் என்று விளக்கினார். அப்படியானால் இவரும் நம்மைப் போல வெளிநாடு வந்த ஆள்தான், லீவு கிடைக்காமல் திரும்பிப் போகாமலே இருந்துவிட்டார் போல என்று தேவகனி மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

சாமி கும்பிடச் சொல்லி அங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் செருப்பைக் கழற்றி அடுக்க வேண்டும். அப்புறம் எல்லாரும் ஹாலில் மெத்தைத் துண்டு போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான் பிரார்த்தனை. ஏசி சத்தம் மட்டும் கேட்கும். ஒன்றாம் வகுப்பில் எப்படியும் ஒன்றிரண்டு தூங்கி விழும். தேவகனி சாக்ஸ் காலோடு பூனை மாதிரி நடுவே நடந்து, விழுகிற தலையைத் தாங்கிப் பிடிப்பாள். நடக்கும்போதே விரலை மடக்கி ஜெபமாலையும் முடித்துவிடுவாள். ஒரு கல்லில் ரெண்டு மாங்காய்.

அதன்பின் பாடம். இங்கிலீஷில் கணக்கும் அறிவியலும், தூரிகை பிடித்துச் சீன எழுத்து, அரசாங்க விதிப்படி அரபி. சின்னச் சின்ன வகுப்புகள். மார்க்கைச் சுவரில் ஒட்ட மாட்டார்கள், முதல் ராங்க், கடைசி ராங்க் என்ற பேச்சே கிடையாது. கோபம் வந்தால் இந்தப் பிள்ளை என்ன செய்கிறது, அடுத்த பிள்ளைக்கு வழி விடுகிறதா என்றெல்லாம் டீச்சர்மார் பார்த்துத் தாய் தகப்பனிடம் சொல்வார்கள். மொட்டை மாடியில் பச்சை வலை கட்டி ஒரு தோட்டம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மேலே சுமப்பார்கள். அந்த வெயிலில் கீரையும் வெண்டையும் எப்படித்தான் வருகிறதோ, வருகிறது. மத்தியானச் சாப்பாடு வகுப்பறையிலேயே. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் பரிமாற வேண்டும், டீச்சரும் அதே சோற்றைத்தான் தின்ன வேண்டும், மேசையைப் பிள்ளைகளே துடைக்க வேண்டும். நம்மூரில் இப்படி ஒரு பள்ளிக்கூடம் நடத்தினால் என் பிள்ளையையா மேசை துடைக்க விட்டாய் என்று பெற்றவர்கள் வந்து கதவை உடைத்துவிடுவார்கள்.

மாலையில் பஸ் காலியானதும் தேவகனி தன் ரூமுக்குப் போவாள். கூட இருக்கிற ஃபிலிப்பினோப் பெண்ணுக்கு எதிர் ஷிப்ட்டில் டூட்டி. இவள் வரும்போது அவள் போயிருப்பாள். கஞ்சி வைத்து, மீன் பொரித்து, போனைப் பார்த்துக்கொண்டே தின்ன வேண்டியதுதான். மகன் ஆல்டோ கப்பல் வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். சாப்பிட்டீங்களா மம்மி, உடம்புக்கு எப்படி மம்மி, சரி மம்மி. வளர்த்த பெரியம்மா ஜெசிந்தா அவனுக்கு அம்மா. பெற்றவள் மம்மி. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி சொன்ன மகராசி வளைகுடாப் பக்கம் வந்து பார்த்திருக்க மாட்டாள். வளரும், வளராமல் என்ன. யாரைப் பார்த்து வளரும் என்பதுதான் கேள்வி.

அப்படி இருந்தவளிடம்தான் சுபிஷா வந்து ஒட்டிக்கொண்டாள். அப்பன் ரெஜின் ஆலையில் ஆபரேட்டர், சொந்த ஊர் முட்டத்துப் பக்கம். அம்மா ஷாஜினி பக்கத்து நாட்டில், யான்புவில் நர்ஸ். இங்கே வேலை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் லைசென்ஸ் பரீட்சை பாஸாக வேண்டும். அந்தப் பரீட்சை அவளை இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. ஊரிலே பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அதனால் சுபிஷா அப்பனோடு இருந்தாள். ரெஜின் டூட்டிக்குப் போனால் பக்கத்து வீட்டில் இருப்பாள், பக்கத்து வீடும் பூட்டியிருந்தால் தேவகனியின் ரூமில் இருப்பாள். முதலில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, மெள்ள மெள்ள தேவகனியின் கடற்கரைத் தமிழைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா, பெரியம்மா என்று அவள் காலைச் சுற்றத் தொடங்கியது. பஸ்ஸில் தேவகனியின் மடிக்குப் பக்கத்து சீட் அவளுடையது. வேறு பிள்ளை உட்கார்ந்தால் அன்றைக்கு ரகளைதான். தேவகனிக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஒரு ஜீவன் தன்னைத் தேடுகிறது என்பது சும்மாவா.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வருஷம் தொடங்கும்போது தேநீர் நாள் என்று ஒன்று வைப்பார்கள். தாய் தகப்பன்மார் ஹாலில் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்வார்கள். பிள்ளை தன் கையால் தேநீர் ஊற்றி, குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டும். பெற்றவர் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து, நல்ல வார்த்தை ஒன்று சொல்லிக் கோப்பையைத் திருப்பித் தருவார். ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பைதான். டூட்டியாலோ தூரத்தாலோ பெற்றவர் வர முடியாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்து ஆட்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். அதைப் பதில் அம்மா நாற்காலி என்று தேவகனிதான் தமிழில் பெயர் வைத்தாள். யார் கோப்பையை வாங்கிக் குடித்தாரோ, அந்த வருஷம் முழுக்க அவர்தான் அந்தப் பிள்ளைக்கு ஆள். காய்ச்சல் என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை அடம்பிடித்தாலும் பரிசு வாங்கினாலும் அவரிடம்தான் முதலில் சொல்வார்கள். வாங்கின பின் மாற்ற முடியாது.

மனுஷனுக்கு மனுஷன் தலை வணங்குவது பாவமாகுமோ என்று முதல் வருஷம் தேவகனி கோயில் சாமியாரிடமே போய்க் கேட்டாள். டீ குடிப்பதில் என்னம்மா பாவம், சர்க்கரை மட்டும் பார்த்துக்கோ என்றார் அவர். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சுபிஷாவின் கோப்பையை தேவகனிதான் வாங்கினாள். உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு மடக்குத் தேநீருக்காகத்தான் அவள் மற்ற நாளெல்லாம் ஓட்டினாள்.

மூன்றாம் வருஷமும் ரெஜின் டூட்டியைச் சொல்லி அவள் பெயரைத்தான் கொடுத்திருந்தான். ஷாஜினி லீவு கேட்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் வளைகுடாவில் லீவு என்பது விமானத்தின் கதவு சாத்தும் வரைக்கும் லீவு இல்லை. எத்தனை தடவை பிள்ளையிடம் அம்மா வருகிறாள் என்று சொல்லி, வராமல் போய், பிள்ளை சோறு தின்னாமல் படுத்திருக்கிறது. அதனால் அவன் இந்தத் தடவை மூச்சுவிடவில்லை. தேவகனியிடமும் சொல்லவில்லை.

தேவகனி கிளிப்பச்சைச் சேலையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வரிசை நகரத் தொடங்கிய பிறகு வாசலில் ரெஜின் வந்து நின்றான். பக்கத்தில் ஒரு பெண். காற்றில் கலைந்த தலை, கையில் இன்னும் விமானத்து டேக் கட்டிய பெட்டி. போட்டோவில் பார்த்த முகம். வந்துவிட்டாளே பாவி என்றுதான் தேவகனிக்கு முதலில் தோன்றியது. அந்த நினைப்புக்காக அப்புறம் அவள் எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறாள்.

எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் சுபிஷாவின் முறை வந்துவிட்டது. பிள்ளை தேநீர் ஊற்றி நிமிர்ந்தாள். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்தது. ஷாஜினி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். சுபிஷா ஒரு கணம் நின்றாள். பிறகு அந்தக் கைகளைத் தாண்டிப் பதறாமல் நடந்து வந்து தேவகனியின் முன் குனிந்து கோப்பையை நீட்டினாள். ஷாஜினியின் கை நீட்டியபடியே நின்றது.

அந்தக் கையை தேவகனிக்குத் தெரியும். ஆல்டோவுக்கு ஏழு வயதாகும்போது முதல் லீவில் போய் இறங்கி, முற்றத்தில் அவளும் இப்படித்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பையன் ஓடிப்போய் ஜெசிந்தாவின் சேலைக்குள் ஒளிந்தான். ஜெசிந்தா அவனைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. அவனுக்கு வெக்கம் என்று சிரித்து, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அக்கா ஒன்றும் கெட்டவள் இல்லை. அவளுக்கும் அந்தப் பிள்ளையை விட்டால் வேறு யார் என்று அப்போது தேவகனிக்குப் புரியவில்லை. இப்போது, இந்தக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, நன்றாகப் புரிந்தது.

கை தானாக எழுந்தது. அதை மடியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வேண்டாம் மக்ளே. ஒனக்க அம்மா அங்க நிக்கா. அவளுக்குக் குடு.”

பிள்ளை அசையவில்லை. தேநீரின் ஆவி அவள் முகத்தில் அடித்தது. நீங்கதான் பெரியம்மா என்று உதட்டுக்குள் சொன்னாள். இன்னும் ஒரு தடவை அப்படிச் சொன்னால் வாங்கிக் குடித்துவிடுவோம் என்று தேவகனிக்குத் தெரிந்தது. அதனால் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

“நான் இங்க வேலைக்கு நிக்கவ. பிள்ளையளப் பாக்க எனக்குச் சம்பளம் தாறாங்க. போ.”

சுபிஷாவின் முகம் சுருங்கிப் போனதை ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அழவில்லை. கோப்பையைத் தளும்பவிடாமல் திரும்பி நடந்தாள். ஷாஜினி முட்டி போட்டு அமர்ந்து, கோப்பையையும் பிள்ளையின் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குடித்தாளா, அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மிஸ் லாம் தேவகனியின் தோளில் கை வைத்தார். தேவகனி எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

ஷாஜினி இருந்த நாளெல்லாம் தாயும் மகளும் சேர்ந்தே பள்ளிக்கூடம் வந்தார்கள். முதலில் நடுவில் இடைவெளி இருந்தது. அப்புறம் பிள்ளை ஒரு விரல் பிடித்தது. அப்புறம் கையே பிடித்துக்கொண்டது. லீவு முடிந்து ஷாஜினி யான்புவுக்குப் போனாள். போகுமுன் தேவகனியிடம் வந்து, நீங்க செஞ்சத மறக்க மாட்டேன் அக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு அவகிட்டே நான் எடுத்துச் சொல்லுறேன் என்றாள். ஒண்ணும் சொல்ல வேண்டாம், இந்த வருஷம் அப்படியே இருக்கட்டும் என்று தேவகனிதான் தடுத்தாள். சொன்னால் பிள்ளை இங்கேயும் அங்கேயும் இழுபடும்.

பஸ்ஸில் இப்போது சுபிஷா பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்கிறாள். தேவகனியின் பக்கத்து சீட்டில் ஒரு சீனப் பையன் தூங்கி வழிகிறான்.

மழை பெய்து ஊரே ஈரமாகக் கிடந்த ஒரு நாள், சுபிஷாவுக்கு வகுப்பிலேயே வாந்தி. உடம்பு அனலாகக் கொதித்தது. தேவகனி சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஒரு கையில் பேசின், ஒரு கை பிள்ளையின் நெற்றியில். மிஸ் லாம் வழக்கப்படி கோப்பை வாங்கியவரைத்தான் முதலில் கூப்பிட்டார். யான்புவில் ஷாஜினி வார்டிலிருந்தே எடுத்தாள். போனைப் பிள்ளையின் காதில் தேவகனிதான் பிடித்துக்கொண்டாள். எனக்கு முடியலம்மா, எப்பம்மா வருவ என்று சுபிஷா அழுதாள். அங்கிருந்து குரல் வர வர, உம் கொட்டிக்கொண்டே அழுகை அடங்கியது. அடங்குகிறவரை தேவகனி கையை மாற்றவில்லை.

பேசி முடித்ததும் பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எல்லாப் பிள்ளைகளும் சொல்வது போலவே சொன்னாள்.

“தேங்க் யூ, மிஸ்.”

வெல்கம் என்றாள் தேவகனி. பேசினை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.